புறநகர்ச் சாலை விரிவாக்கம்: தீர்மானம் போடுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில், சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சி எல்லைக்குள் வந்த ஒரு பகுதியின் பிரதான சாலை இப்போது ஏறத்தாழ நாற்பது அடி அகலம். அதை எண்பது அடியாக்க வேண்டும் என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் மனு கொடுத்திருக்கின்றன. அறுபதே போதும் என்று வியாபாரிகள் சங்கம் கடையடைப்பு வரை போயிருக்கிறது. கவுன்சிலர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. எண்பது அடியானால் நெரிசல் தீருமா, இடம் இழப்பவர்களுக்கு என்ன கிடைக்கும், எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெடுஞ்சாலைப் பணியில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். நீளம் முழுக்க எண்பது அடி வேண்டாம். சந்திப்புகளில் எண்பது, மற்ற இடங்களில் அறுபது, ஆனால் அந்த அறுபது ஓரிடத்திலும் குறையக் கூடாது. இப்படிச் சொன்னால் இரு தரப்பும் என்னைத் திட்டும். காரணங்களைக் கேட்ட பிறகு திட்டட்டும்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். மாமன்றத்தில் மணிக்கணக்கில் விவாதிப்பவர்களில் பலருக்கே இது தெரிவதில்லை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அவை மாநகராட்சி எல்லைக்குள் ஓடினாலும் அகலத்தை முடிவு செய்வது மாநகராட்சி அல்ல. அப்படிப்பட்ட சாலையைப் பற்றி மாமன்றம் போடும் தீர்மானம் ஒரு கோரிக்கைதான். கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பல புறநகர்களில் அந்தக் கல்லே யாரோ ஒருவர் கடையின் வாசற்படியாகிவிட்டதால், நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுவதே நல்லது. சாலை மாநகராட்சிக்குச் சொந்தமென்றால் தீர்மானத்துக்கு முழு வலு உண்டு.

நெடுஞ்சாலைத் துறையுடையது என்றாலும் மாமன்றத்தின் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெருவிளக்கு, குப்பை, சாலையோர வியாபாரம், உட்தெருக்கள் வந்து சேரும் இடங்கள், கட்டட அனுமதியின் பெரும் பகுதி, பல இடங்களில் நடைபாதையும் வடிகாலும் மாநகராட்சியிடம்தான் இருக்கின்றன. நெரிசலில் பாதி இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. ஊராட்சியாக இருந்த காலத்தில் போட்ட சாலையின் பழைய கோப்புகள் எந்த அலுவலகத்து அலமாரியில் கிடக்கின்றன என்பது பல இடங்களில் யாருக்கும் தெரியாது. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் உங்கள் சாலை நாற்பது அடியாக இல்லாமல், சில இடங்களில் ஐம்பத்தைந்தாகவும் சில இடங்களில் முப்பத்தெட்டாகவும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் அடிக்கணக்கில் சண்டை போடுவது வீண்.

இனி நெரிசலுக்கு வருகிறேன். இந்தியச் சாலைகள் பேராயம் நகரச் சாலைகளின் கொள்ளளவுக்கு 1990-ல் வெளியிட்ட நெறிமுறை (எண் 106) ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சாலை மணிக்கு எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பது கார் அலகில் கணக்கிடப்படுகிறது. கார் ஒன்று என்றால், பஸ் 2.2 முதல் 3.7 வரை, இருசக்கர வாகனம் அரை முதல் முக்கால் வரை. (அறுபது பேரைச் சுமக்கும் பஸ்ஸையும் ஒருவர் மட்டும் ஏறிய காரையும் இப்படி ஒப்பிடுவதில் எனக்கு என்றுமே வருத்தம் உண்டு. அது வேறு கதை.)

அந்த அட்டவணையில் அகலம் பாதிக் கதைதான். இரு திசையிலும் போக்குவரத்து உள்ள இருவழிச் சாலைக்கு மூன்று எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன: 1500, 1200, 900. மூன்றும் ஒரே அகலம். ஓரத்தில் வண்டி நிறுத்தமோ வாசல்களோ இல்லாமல் குறுக்குப் போக்குவரத்தும் மிகக் குறைவாக இருந்தால் 1500. வாசல்கள் இருந்தும் வண்டி நிறுத்தம் இல்லாமல், சந்திப்புகள் நன்றாக அமைந்திருந்தால் 1200. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கண்ட இடத்தில் குறுக்கே வந்தால் 900. உங்கள் சாலை இப்போது எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே அட்டவணையில், மையத் தடுப்பு இல்லாத நான்கு வழிச் சாலை அந்தக் கடைசி வகையில் 1800 தாங்கும். வீடுகளையும் கடைகளையும் இடித்து, கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தூசியைத் தின்று, நான்கு வழி ஆக்கிவிட்டு ஓரத்தில் மறுபடியும் வண்டிகளை நிறுத்த விட்டால் 900 என்பது 1800 ஆகும். ஓர் அடி நிலம்கூட எடுக்காமல், வண்டி நிறுத்தத்தையும் சந்திப்புகளையும் ஒழுங்குபடுத்தினாலே 900 என்பது 1200 ஆகிவிடும். நான்கு வழி, மையத் தடுப்பு, வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்தால் 2900. அந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துத்தான் எல்லோரும் எண்பது அடி கேட்கிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் 1800-தான். ஓரத்தைக் காலியாக வைத்திருக்கும் வேலையை யார் செய்வது என்று எந்தத் தீர்மானத்திலும் எழுதப்படுவதில்லை.

இதை நேரில் பார்க்க மாலை ஆறரை மணிக்கு உங்கள் பகுதிச் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். சிக்னலைத் தாண்டியவுடன் பத்துப் பதினைந்து மீட்டரில் பஸ் நிறுத்தம் இருக்கும். நிழற்குடைக்கு முன்னால் மூன்று ஷேர் ஆட்டோக்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு பழ வண்டி. பஸ் ஓரம் ஒதுங்க இடமில்லாமல் நடுச்சாலையில் நிற்கும். அதன் வால் சந்திப்புக்குள் நீண்டிருக்கும். பின்னால் வரும் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசைக்குள் வழிந்து ஓடும். எதிரே இடப்பக்கம் திரும்ப வேண்டிய தண்ணீர் லாரி அவற்றுக்காகக் காத்து நிற்கும். பச்சை விளக்கு எரிந்து முடிந்திருக்கும், ஒரு திசையிலிருந்து எட்டுப் பத்து வண்டிகள்கூட முழுசாகக் கடந்திருக்காது. அந்த இடத்தில் சாலை எண்பது அடியாக இருந்தாலும் பஸ் அதே இடத்தில்தான் நிற்கும், ஆட்டோக்கள் மூன்றுக்குப் பதில் ஆறு நிற்கும். நிறுத்தத்தை அறுபது எழுபது மீட்டர் தள்ளிவைத்து, பஸ் ஒதுங்க ஒரு குடைவு கொடுத்தால் நிலைமை அன்றைக்கே மாறும்.

சந்திப்பின் கணக்கு எளிமையானது. சிக்னல் சுற்று இரண்டு நிமிடம், உங்கள் திசைக்கு நாற்பது நொடி பச்சை என்றால், சாலை எவ்வளவு தாங்கினாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த இடத்தைக் கடக்கும். ஆகவே இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே நான்கு வழி போட்டுவிட்டுச் சந்திப்பை இருந்தபடியே விடுவது, புனலின் வாயை அகலமாக்கிவிட்டுத் தண்டை மறந்துவிடுவது. சந்திப்புக்கு முன்னும் பின்னும் நூறு மீட்டர் அகலப்படுத்தி, வலப்பக்கம் திரும்புவோருக்குத் தனி வரிசை கொடுத்தால், குறைந்த நிலத்தில் கூடுதல் பலன் கிடைக்கும். சந்திப்பில் எண்பது அடி என்று நான் சொல்வது இதற்காகத்தான். மேடவாக்கம் சந்திப்பில் மேம்பாலமே கட்ட வேண்டி வந்தது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் வருவோருக்கு அந்த இடத்தில் மூச்சு வந்தது உண்மை. அதே சாலையில் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் மாலையில் நிற்பவர்களைக் கேட்டால், நெரிசல் அடுத்த சந்திப்பில் உட்கார்ந்திருப்பதைச் சொல்வார்கள்.

எண்பது அடி கேட்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: பழைய மகாபலிபுரம் சாலை. இப்போது ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், ஆறு வழியாக அகலப்படுத்தப்பட்டு 2008-ல் திறக்கப்பட்டது. கந்தன்சாவடியும் காரப்பாக்கமும் கிராமங்களாக இருந்த காலத்தில் அந்த வழியாகப் போனவர்களுக்கு, திறந்த புதிதில் அது வெளிநாட்டுச் சாலை போலத் தெரிந்தது. அடுத்த பத்தாண்டில் இருபுறமும் எழும்பிய அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் அந்த ஆறு வழியையும் நிரப்பிவிட்டன. இப்போது அங்கே மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழுகின்றன, சந்திப்புகளைத் தவிர்க்க ‘யு’ வடிவ மேம்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆறு வழியைக் குறுக்கே கடப்பது நடந்து போகிறவர்களுக்குத் தனிச் சோதனை.

அகலச் சாலை வண்டிகளை வரவழைக்கும் என்பது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நகரத்து நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்பது அதன் முடிவு. நம் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாலையின் அகலத்தை வைத்துத்தான் கட்டடத்தின் உயரத்தையும் தளப்பரப்பையும் அனுமதிக்கின்றன. சாலை அகலமானால் இருபுறமும் கூடுதல் மாடி எழுப்பலாம், கூடுதல் மாடியோடு கூடுதல் வண்டியும் வரும். அகலப்படுத்தச் சொல்லி மனுக் கொடுப்பவர்களில், சாலையை ஒட்டி இல்லாமல் அதற்கடுத்து மனை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் சில விஷயங்கள் புரியும்.

இதையெல்லாம் சொல்வதால் அகலப்படுத்துவதே தவறு என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது அடியில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நடப்பவர் சாக்கடை மூடிமேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் ஒதுங்க இடமில்லை. வடிகாலுக்கே இடமில்லை. நாற்பதில் நிற்க முடியாது. வியாபாரிகள் சங்கத்தில் ‘இருப்பதே போதும், புறவழிச்சாலை போடுங்கள்’ என்று சொல்லும் பிரிவினரோடு எனக்கு உடன்பாடு இல்லை. புறவழிச்சாலை ஊரைக் கடந்து போகும் வண்டியை எடுத்துக்கொள்ளும். உங்கள் சாலையில் இருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை ஊருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிறவை.

இப்போது அறுபதுக்கும் எண்பதுக்கும் உள்ளே என்ன அடங்கும் என்று பார்ப்போம். ஒரு வழித்தடத்துக்கு மூன்றரை மீட்டர். நான்கு தடம் 14 மீட்டர், மையத் தடுப்பு 1.2 மீட்டர், மொத்தம் 15.2. அறுபது அடி என்பது 18.3 மீட்டர். மீதி 3.1, பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர். நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று அதே பேராயத்தின் நடைபாதை நெறிமுறை சொல்கிறது. மின்கம்பம், மரம், பஸ் நிறுத்தம் எதற்கும் இடமில்லை. ஆக அறுபது அடிக்குள் நான்கு வழி என்று வரைபடம் கொண்டுவந்தால், நடைபாதையை முழுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அதே அறுபதில் இரண்டு தடமும் நடுவில் திரும்புவதற்கு ஒரு தடமுமாக 10.5 மீட்டர், இருபுறமும் இரண்டரை மீட்டர் நடைபாதை, மீதியில் பஸ் குடைவுகளும் மரங்களும் என்று வகுத்தால் எல்லாம் கச்சிதமாக அடங்கும். புறநகர்க் கடைத்தெருவுக்கு இதுவே பொருத்தம். நடந்து வருகிறவர்தான் அங்கே வாடிக்கையாளர்.

எண்பது அடி, அதாவது 24.4 மீட்டரில், நான்கு வழி போக ஒவ்வொரு பக்கமும் 4.6 மீட்டர் மிஞ்சும். நல்ல அகலம். ஆனால் அதற்கு இருபுறமும் சேர்த்து இன்னும் இருபது அடி கூடுதலாக எடுக்க வேண்டும், சந்திப்பு இல்லாத இடங்களில் அதன் பலன் குறைவு. ஊராட்சிக் காலத்துக் கடைகள் பலவற்றின் மொத்த ஆழமே இருபது அடிக்குள்தான் இருக்கும். அறுபதோடு நின்றால் முகப்பை இழந்து பிழைத்துக்கொள்ளும் கடை, எண்பதுக்குப் போனால் முழுசாகப் போய்விடும்.

நிலம் எடுப்பது எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று கிராமம் கிராமமாக நிலம் எடுக்க வேண்டியிருந்தது. ஆறு வழித் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. நிலம் கைக்கு வந்த இடத்தில் அகலம், வராத இடத்தில் பழைய குறுகல் என்று துண்டு துண்டாக வேலை நடந்தது. அது முழுமையாவதற்குள் 2025-ல் அதே தடத்தில் உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை அறிவிக்கப்பட்டது. தொடர்ச்சி இல்லாத அகலத்தால் பயன் சொற்பம். நான்கு கிலோமீட்டர் அகலமாகி இருநூறு மீட்டர் குறுகலாக நின்றால் அந்த இருநூறு மீட்டர்தான் சாலையின் அகலம். எண்பது அடி கேட்டுப் பாதி இடத்தில் கிடைப்பதைவிட, அறுபது அடி கேட்டு முழு நீளத்துக்கும் கிடைப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இந்த அனுபவம்தான் பின்னணி.

சட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நெடுஞ்சாலைத் துறை நிலம் எடுப்பது பெரும்பாலும் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும், ஆட்சேபணை சொல்லலாம். மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டம் வந்த பிறகு இந்த மாநிலச் சட்டத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று பெரிய வழக்கு நடந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ‘கூடாது’ என்றது. உடனே சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றிப் பழையதற்கு உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ‘இந்தச் சட்டமே செல்லாது, கோர்ட்டில் நிறுத்திவிடலாம்’ என்று யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொகைக்காக வழக்காடலாம், எல்லைக்கோடு தவறு என்று வழக்காடலாம், அவை வேறு.

இழப்பீடு 2013 சட்டத்தின் கணக்குப்படிதான். சந்தை மதிப்பு, அதன்மேல் உள்ள கட்டடம், மரம் ஆகியவற்றின் மதிப்பு, இவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக நூறு சதவீத ஆறுதல் தொகை. ஊரகப் பகுதியென்றால் சந்தை மதிப்பை ஒரு காரணியால் பெருக்கிக் கூட்டலாம், நகரப் பகுதியென்றால் அந்தக் காரணி ஒன்று. அதாவது மாநகராட்சியோடு சேர்ந்தபோது பட்டாசு வெடித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் இழக்கிறார்கள். சந்தை மதிப்பு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? அரசின் வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி போன்றவற்றில் எது அதிகமோ அது. அந்தச் சராசரிக்கு எல்லாப் பத்திரமும் சேராது, கூடுதல் விலை காட்டியவற்றில் பாதிதான் சேரும். அப்படி இருந்தும் நம்மவர்கள் முத்திரைத் தீர்வைக்குப் பயந்து கிரயத் தொகையைக் குறைத்துக் காட்டிய வழக்கம் இங்கே வந்து கடிக்கிறது. தெருவில் எல்லோரும் குறைத்தே எழுதியிருந்தால் சராசரியும் குறைவாகத்தான் வரும். உண்மையில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று தாசில்தாரிடம் சொல்லிப் பயனில்லை.

பட்டா நிலத்துக்குத்தான் இதெல்லாம். சாலைப் புறம்போக்கில் கட்டியிருந்தால் நிலத்துக்கு ஒன்றும் வராது, நோட்டீஸ் கொடுத்து அகற்றுவார்கள். ஆனால் பழைய கிராமத்து ஊர்நடுவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில், தலைமுறைகளாக வீடு கட்டி இருப்பவரிடம் பட்டா இல்லை என்பதற்காக அவரை ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். நத்தம் அரசுப் புறம்போக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியல் தயாராகும் கட்டத்திலேயே கவுன்சிலர் கேள்வி கேட்க வேண்டும், இடிக்க வண்டி வந்த பிறகு கேட்டால் நேரம் போய்விட்டிருக்கும். சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் அப்புறப்படுத்தக் கூடாது, மாற்று இடத்துக்கு அனுப்பவும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீத இடம் வியாபாரிகளுக்கே. அந்தக் குழு உங்கள் மாநகராட்சியில் கூடுகிறதா என்பதே நல்ல கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் மாமன்றத்தில் கேட்பதில்லை. முழுமைத் திட்டத்திலோ விரிவான வளர்ச்சித் திட்டத்திலோ ஒரு சாலைக்கு விரிவாக்க எல்லைக்கோடு குறிக்கப்பட்டிருந்தால், அங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர் கோட்டுக்கு இந்தப்புறம் சாலைப் பக்கம் விழும் துண்டு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். இப்படிப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்ட துண்டுகள் உங்கள் சாலையிலும் இருக்கும். ரம்பப் பல்லைப் போல ஒரு கட்டடம் உள்ளே, அடுத்தது வெளியே, அதற்கடுத்தது உள்ளே என்று நிற்பது அதனால்தான். அந்தத் துண்டுகள் இன்று என்னவாக இருக்கின்றன? துணிக்கடையின் இருசக்கர வாகன நிறுத்தமாக, ஓட்டலின் ஜெனரேட்டர் மேடையாக, மருத்துவமனையின் சாய்தளமாக. அவை ஏற்கனவே மாநகராட்சியின் சொத்து, ஒரு ரூபாய் இழப்பீடும் தர வேண்டியதில்லை. கட்டட அனுமதிக் கோப்புகளிலிருந்து அந்தத் தானப் பத்திரங்களின் பட்டியலை எடுத்து மாமன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். சிறு வியாபாரியின் பத்தடியைப் பற்றிப் பேசும் முன், பெரிய கடைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கும் பத்தடியை மீட்கட்டும்.

எல்லைக்கோடு எந்தப் பக்கம் நகரும் என்பதில்தான் ஊரில் சந்தேகம் கிளம்பும். ‘அவர் கல்யாண மண்டபம் இருக்கும் பக்கம் மட்டும் தொடவில்லை’ என்ற பேச்சு வராத விரிவாக்கத்தை நான் பார்த்ததில்லை. சில நேரம் அது உண்மை, சில நேரம் வளைவை நேராக்க ஒரு பக்கம் மட்டும் எடுத்தாக வேண்டிய கட்டாயம். இருபுறமும் சமமாக எடுப்பது நியாயமாகத் தெரிந்தாலும், இரண்டு பக்கக் கடைகளையும் பாதி பாதியாக வெட்டி யாருக்கும் பயன்படாமல் செய்துவிடுவதும் உண்டு. சாலையின் மையக்கோட்டையும் இருபுற எல்லையையும் தரையில் பெயின்டால் குறித்து, புல எண்ணோடு வரைபடத்தை மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டாலே பாதிச் சந்தேகம் போய்விடும். அதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்றால் சந்தேகப்படுவதில் தவறில்லை.

வேலை தொடங்கிய பிறகு நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரிவான சாலையின் நடுவே, புதுத் தார் போட்ட பகுதியில், இரட்டைக் கம்பத்தின்மேல் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்பதையும், அதைச் சுற்றி மணல் நிரப்பிய டிரம்களில் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்திருப்பதையும் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். மின்வாரியம் இடமாற்றச் செலவுக்கு மதிப்பீடு கொடுக்க வேண்டும், சாலைத் துறை அந்தத் தொகையைக் கட்ட வேண்டும், பிறகு மின்தடைக்கு நாள் குறிக்க வேண்டும். ஒப்பந்ததாரரோ காத்திருக்காமல் தார் போட்டு பில் வாங்கிப் போய்விடுவார். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் இன்னும் வராத பகுதியென்றால் இன்னும் மோசம், புதுச் சாலையை அடுத்த ஆண்டே வெட்டுவார்கள். குழாயும் கேபிளும் முதலில், சாலை கடைசியில் என்ற வரிசையைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வடிகாலைப் பற்றிக் கேட்கும்போது அகலத்தைக் கேட்காதீர்கள், அது எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். தென்புறநகரின் பல பகுதிகளில் மழைநீர் கடைசியில் ஏதாவது ஓர் ஏரிக்கோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ போயாக வேண்டும். நிலம் கிடைத்த இடத்தில் மட்டும் துண்டு துண்டாகக் கட்டிய வடிகால் மழைக்காலத்தில் நீளமான தண்ணீர்த் தொட்டியாகத்தான் இருக்கும். அதோடு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே உத்தரவிட்டிருக்கிறது. அது பின்பற்றப்படாத தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து, மழைநீர் கூடத்துக்குள் வருகிறது. மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே தீர்மானத்தை எதிர்க்கச் சொல்லவில்லை, திருத்தம் கொண்டுவரச் சொல்கிறேன். ‘எண்பது அடியாக அகலப்படுத்த’ என்ற சொற்களுக்குப் பதிலாக, வாகனக் கணக்கெடுப்பும் நில அளவையும் முடித்து, சந்திப்புகளில் எண்பது அடியும் இடைப்பட்ட நீளத்தில் தொடர்ச்சியான அறுபது அடியும் என்று எழுதட்டும். தானப் பத்திர நிலங்களை மீட்பதும், பஸ் நிறுத்தங்களை இடம் மாற்றுவதும், ஓர வண்டி நிறுத்தத்தைத் தடை செய்வதும் நிலம் எடுப்பதற்காகக் காத்திருக்காமல் உடனே தொடங்கட்டும். இந்த வேலைகளை முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வண்டிகளை எண்ணிப் பார்த்தால், எண்பது கேட்டவர்களில் சிலர் அறுபதுக்கு இறங்கி வருவார்கள் என்பது என் கணிப்பு. கணக்கு எனக்கு எதிராக வந்தால் எண்பதுக்கே போகட்டும், அப்போது கையில் ஆதாரம் இருக்கும்.

கடைசியாக, வாடகைக்குக் கடை நடத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இழப்பீட்டுக் காசோலை கட்டட உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். ஆனால் நில எடுப்புக்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவரும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதப்பட 2013 சட்டத்தில் இடமிருக்கிறது, மறுவாழ்வு உதவியும் கேட்கலாம். அதை நிரூபிக்க வாய்மொழி ஒப்பந்தம் உதவாது. வாடகை ஒப்பந்தம், தொழில் உரிமம், ஜிஎஸ்டி பதிவு, தங்கள் பெயரில் மின்கட்டண ரசீது, இவற்றில் எது இருந்தாலும் இப்போதே எடுத்து வைக்கட்டும். ஒப்பந்தம் போடாமல் வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் உரிமையாளர், அளவுக்கல் நட்ட பிறகு எழுதிக் கொடுக்க மாட்டார்.